கப்பல் பட்டியலில் ஒரு தழும்பு

‘இடது கணுக்காலில் தழும்பு’, ‘வலது கன்னத்தில் மச்சம்’, ‘முன்கையில் பச்சை.’ தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கள் எள்ளுத்தாத்தாவின் தோற்றத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இப்படி இரண்டு மூன்று சொற்கள்தான். புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக ஓர் எழுத்தர் குறித்துவைத்த அங்க அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிடிப்பதற்காக எழுதிய அந்த வரியைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, கடல் தாண்டி, வந்தவாசிப் பக்கமும் குடியாத்தம் பக்கமும் ஊர் தேடி வருகிறார்கள்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்வெடேர்’ வந்து சேர்ந்தது. அன்று நேட்டால் என்று அழைக்கப்பட்ட அந்த ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறையில் 1860 முதல் 1911 வரை அங்கே கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் தொகை 1,52,184. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களுமே அதில் மிகுதி.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். அரிசியும் பருப்பும் உப்பும் படியாகக் கிடைக்கும். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை. ஆளைக் கணக்கு வைத்துக் கட்டிப்போட்ட இந்த ஏற்பாட்டுக்குக் காகிதம் ஏராளமாகத் தேவைப்பட்டது. ஏற்றிய ஆள் எத்தனை, இறங்கியவர் எத்தனை, எந்தத் தோட்டத்துக்கு யார், யார் செத்தார், யார் திரும்பினார் என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லாதிருக்கும்போது, கப்பலேறிய தம்பியைப் பற்றிப் பதினைந்து தகவல்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேர் தேடுபவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, நிலம் வாங்கிய பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் தேட வேண்டியது பெயரை அல்ல, ஓர் எண்ணை. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஒரு வரிசை எண் வழங்கப்பட்டது. குடியேற்ற எண் என்று அதைச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க அந்த எண் ஆளோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கல்யாணம் பதியும்போதும், பிள்ளை பிறந்ததைப் பதியும்போதும், முதலாளி மீது புகார் கொடுக்கும்போதும் பெயருக்குப் பக்கத்தில் எண் இருக்கும். பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள்; எண் மாறாது.

எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல. எண்கள் கப்பல் கப்பலாக வரிசையில் கொடுக்கப்பட்டவை என்பதால், எண்ணைக் கொண்டே கப்பலையும் வந்த ஆண்டையும் கண்டுபிடித்துவிடலாம். கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, பெயராலும் எண்ணாலும் தேடும்படி செய்திருக்கிறார்கள். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதுலி ஆவண மையம், வேர் தேடும் குடும்பங்கள் அடிக்கடி படியேறும் இடம். அசல் ஏடுகளும் கோப்புகளும் அந்த மாகாணத்தின் அரசு ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

பட்டியலின் ஒரு வரியில் என்ன இருக்கும்? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடற்குறி, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார், கடைசியாகக் குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தில் பல நேரம் ஒன்றிரண்டு சொற்கள்தான்: ‘இறந்தார்’, ‘இந்தியா திரும்பினார்.’

அனுபவம் உள்ள தேடுநர்கள் தங்கள் தாத்தாவின் வரியோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள இருபது முப்பது வரிகளையும் படிக்கிறார்கள். ஒரே குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழுந்திருக்கும். மனைவி, குழந்தை, தங்கை, மச்சான் அங்கே இருக்கக்கூடும். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கிளம்பியிருந்தால் அவர்களும் பக்கத்து வரிகளில் நிற்பார்கள். ஒருவருடைய ஊர்ப் பெயர் படிக்க முடியாமல் சிதைந்திருந்தால், பக்கத்து வரியில் அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. தாலுகாவை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் தேடலின் கடினமான பகுதி தொடங்குகிறது. பட்டியலைக் கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஒரு கற்பனைப் பதிவை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘மூன்சாமி’, தகப்பன் ‘வெங்கடாசெல்லும்’, ஜில்லா ‘நார்த் ஆர்காட்’, தாலுகா ‘வாண்டிவாஷ்’, கிராமம் ‘மரூடாட்.’ ஆங்கில எழுத்தில் இதைப் பார்க்கிற, தமிழ் மறந்துபோன ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைக்கு இது எதுவுமே புரியாது. வரைபடத்தில் தேடினாலும் அகப்படாது. ஆனால் வந்தவாசிக்காரர் ஒருவரிடம் இதை உரக்கப் படித்துக் காட்டினால், முனுசாமி, வெங்கடாசலம், வடஆர்க்காடு, வந்தவாசி என்று அவர் வரிசையாகத் திருத்திக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லில் ஒரு நொடி நின்று, “மருதாடா?” என்று கேட்பார். எழுத்தர் காதால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார். அதை மறுபடி காதால் கேட்டால்தான் தமிழ் வெளியே வரும்.

ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் எப்படி உருமாறின என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. காஞ்சிபுரம் ‘கான்ஜீவரம்’ ஆனது. தஞ்சாவூர் ‘டான்ஜோர்’, திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாபொலி’, நாகப்பட்டினம் ‘நெகபட்டாம்’, தரங்கம்பாடி ‘ட்ராங்க்பார்.’ பெரிய ஊர்களுக்கு இந்த ஆங்கில வடிவம் நிலைத்துவிட்டதால் பழைய கெசட்டியர்களைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். சிற்றூர்களுக்கு அந்த வசதி இல்லை. த-வும் ட-வும் கலக்கும், ழ-வும் ள-வும் ல-வாகும், ஊர்ப் பெயரின் கடைசியில் உள்ள ‘பாக்கம்’, ‘பட்டு’, ‘மங்கலம்’, ‘நல்லூர்’ என்பவை பாதியில் அறுந்து நிற்கும். ஒரே தாலுகாவில் ஒரே பெயருடைய ஊர்கள் மேல், கீழ், பெரிய, சின்ன என்ற அடைமொழியோடு இருக்கும். எழுத்தர் அடைமொழியை விட்டிருப்பார்.

அதன் பிறகு எல்லைகள் வேறு நகர்ந்துவிட்டன. நேட்டால் பட்டியல்களில் மிகுதியாக வரும் பெயர்களில் ஒன்று வடஆர்க்காடு ஜில்லா. அதைப் படித்துவிட்டு இன்றைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் தேடினால் வழி தவறும். பழைய வடஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குப் போய், இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. திருத்தணிப் பகுதி 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. இன்று அது திருவள்ளூர் மாவட்டம். 1989-இல் வடஆர்க்காடு இரண்டானபோது திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்குள் இன்று இரண்டு மாநிலங்களும் பல மாவட்டங்களும் அடங்கிக் கிடக்கின்றன. அதனால்தான் ஜில்லாவைவிடத் தாலுகாப் பெயரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்கிறார்கள் இந்த வேலையில் பழகியவர்கள். மாவட்டம் எத்தனை முறை உடைந்தாலும் வந்தவாசி வந்தவாசியாகவே இருக்கிறது.

ஆட்களின் பெயர்களுக்கும் ஒரு பயணம் உண்டு. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். குடியேற்ற நாட்டின் படிவத்திலோ குடும்பப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். மொரீஷியஸில் பெரும்பாலும் முதலில் வந்தவரின் பெயரோ அவர் தகப்பன் பெயரோ அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அங்கே இன்று வீரப்பன், முத்துசாமி, ராமசாமி, சின்னத்தம்பி என்பவையெல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதப்படும் குடும்பப் பெயர்கள். கரீபியனில் உள்ள குவாடலூப், மார்ட்டினிக் தீவுகளிலும் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவிலும் இதே கதை. ஒரு மார்ட்டினிக்காரரின் குடும்பப் பெயர் ராமசாமி என்றால், அந்த ராமசாமி யாரோ ஒரு மனிதர், குறிப்பிட்ட ஒரு நாளில் கப்பலை விட்டு இறங்கியவர் என்று பொருள்.

தென்னாப்பிரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே நாயுடு, பிள்ளை, ரெட்டி, செட்டி, படையாச்சி போன்ற பட்டங்கள் குடும்பப் பெயராயின. ‘கவெண்டர்’ என்பது கவுண்டர், ‘மூட்லி’ என்பது முதலி, ‘ஆர்ச்சரி’ என்பது ஆசாரி, ‘பாதர்’ என்பது பத்தர். ஆனால் இந்தப் பட்டத்தை வைத்து முன்னோர் இன்ன சாதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடல் தாண்டியதும் பழைய பெயரை உதறிப் புதுப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் தங்களை அழுத்திய ஒரு சொல்லைக் கடலில் விட்டுவிட்டு வந்தார்கள். பட்டியலில் உள்ள சாதிக் கட்டமும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. தொடக்க காலப் பதிவுகளில் தமிழர்களை ‘மலபார்’ என்றும் தெலுங்கர்களை ‘ஜென்டு’ என்றும் பொத்தாம் பொதுவாக எழுதியிருப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியவர்கள் பெயரையே மாற்றிச் சொன்னதும் உண்டு.

பட்டியல் தருவது ஒரு ஆளின் சட்டகத்தை. அந்த ஆளின் குரல் வேறொரு இடத்தில் கிடைக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரின் நலனைக் கவனிக்க நேட்டாலில் குடியேறிகள் காப்பாளர் என்று ஓர் அதிகாரி இருந்தார். அவர் அலுவலகத்துக்கு வந்த புகார்கள், விசாரணைகள், வாக்குமூலங்கள் கோப்புகளாக நிற்கின்றன. கூலி பிடித்தார்கள், காய்ச்சலில் கிடந்தபோதும் வேலைக்கு இழுத்தார்கள், சவுக்கால் அடித்தார்கள், மனைவியை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் சொன்னதை மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் சேர்ந்து எழுதிய தென்னாப்பிரிக்க ஒப்பந்தக் கூலி வரலாறு, பெரும்பாலும் இப்படிப்பட்ட தனிமனிதக் கதைகளைக் கோத்து எழுந்தது.

இவர்களில் உலகம் அறிந்தவர் பாலசுந்தரம். 1894-இல் டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்குக் கிழிந்த துணியும் உடைந்த முன்பற்களுமாக, வாயில் ரத்தம் வழிய வந்து நின்ற தமிழ்த் தொழிலாளி. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலி தலைப்பாகையோடு நிற்கக் கூடாது என்பது அங்கே இருந்த பழக்கம். அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. பாலசுந்தரம் சொன்னதைக் காந்தியிடம் இருந்த தமிழ் எழுத்தர் மொழிபெயர்த்தார். மருத்துவரின் சான்று வாங்கி, நீதிபதியிடம் போய், கடைசியில் அவர் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. தேடிப்போகும் குடும்பம் எதுவாயினும், தங்கள் தாத்தாவும் இப்படி ஓர் அலுவலக வாசலில் நின்றிருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டும். படிப்பதற்குத் துணிவு வேண்டும்.

நேட்டாலுக்கு எண் என்றால், மொரீஷியஸுக்கு முகம். 1834 நவம்பர் 2-ஆம் தேதி ‘அட்லஸ்’ கப்பலில் 36 தொழிலாளர்கள் அங்கே இறங்கினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் அந்தத் துறைமுகப் படிகளில் ஏறினார்கள். போர்ட் லூயிஸில் உள்ள அந்த இடம், ஆப்ரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. 1860-களிலிருந்து தொழிலாளர்களின் அடையாளச் சீட்டுக்காகப் புகைப்படம் எடுத்தார்கள். அதுவும் கண்காணிப்புக்காகத்தான். ஆனாலும் தன் எள்ளுப்பாட்டியின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கும் வாய்ப்பு உலகின் எளிய குடும்பங்களில் எத்தனைக்குக் கிடைக்கும்?

பிஜியில் கிடைப்பது குடியேற்ற அனுமதிச் சீட்டு. 1879 முதல் 1916 வரை அங்கே போன 60,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. உயரம், உடற்குறி, ஊர், தகப்பன், நெருங்கிய உறவு வரை அதில் உண்டு. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், கல்கத்தா வழியாகப் போன 45,000-க்கும் மேற்பட்டோரின் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்து, 1983-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய தாத்தாவும் அப்படி ஒப்பந்தத்தில் போனவர்தான். சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல்கள் போகத் தொடங்கியது 1903-இல். ஏறத்தாழ 15,000 பேர் இந்த வழியாகப் போனார்கள். அந்தக் கரும்புத் தோட்டங்களில் பெண்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பாரதியார் பாடியதைத் தமிழர்கள் அறிவார்கள்.

ஒரே ஒரு சீட்டு எவ்வளவு தூரம் கூட்டிச் செல்லும் என்பதற்குக் கயூத்ரா பகதூர் சான்று. கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர் அவர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா, 1903-இல் கல்கத்தாவில் ‘கிளைட்’ கப்பலில் ஏறியபோது வயிற்றில் பிள்ளை. கூடக் கணவன் இல்லை. ஏன் தனியாகப் போனாள்? சீட்டில் அதற்குப் பதில் இல்லை. பேத்தி பீகாரில் பாட்டியின் கிராமத்துக்கே போனார், லண்டன் ஆவணங்களைப் புரட்டினார், கடைசிவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் பாட்டியைத் தேடிய வழியில் அவளைப்போலக் கப்பலேறிய ஆயிரக்கணக்கான பெண்களின் வரலாறு கிடைத்தது. 2013-இல் அது நூலாக வந்தது.

இந்தக் காகித வளம் எல்லாத் தமிழர்களுக்கும் வாய்க்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்களில் மிகப் பலர் கங்காணி வழியாகப் போனவர்கள். தோட்டத்திலிருந்து கங்காணி தன் ஊருக்கே திரும்பி வந்து, சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிப் போவார். இலங்கைக்குப் போனவர்கள் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டில் எழுத்தும் எண்ணும் இருந்தன. அவை சேர வேண்டிய தோட்டத்தைச் சொல்லும்; கிளம்பிய ஊரைச் சொல்லாது. அதனால் மலையகக் குடும்பங்களின் தேடல் பெரும்பாலும் வாய்மொழியைத்தான் நம்பியிருக்கிறது. வேறு வகையில் அவர்களுக்கு ஒரு பலமும் உண்டு: கங்காணி ஊரோடு வந்ததால், தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் ஊர்தான் தன் ஊராகவும் இருக்கும்.

சரி, ஊர்ப் பெயர் தெரிந்துவிட்டது. இங்கே வந்து இறங்கியபின் என்ன?

எடுத்த எடுப்பில் பிறப்புப் பதிவேட்டைக் கேட்பது பயன் தராது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம் கிராமங்களில் பிறப்பு, இறப்பு முறையாகப் பதியப்படவில்லை. கிறித்தவக் குடும்பமாக இருந்தால் நல்வாய்ப்பு. கத்தோலிக்க, லுத்தரன் பங்குகளின் ஞானஸ்நான ஏடுகளில் பெயர் இருக்கக்கூடும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறைக் கோப்புகளும் குடியேற்றம் பற்றிய அரசு நடவடிக்கைகளும் இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்தப் பகுதியில் பஞ்சம், எங்கிருந்து ஆட்கள் போனார்கள் என்பதை அவை சொல்லும். 1876-78-இன் தாது வருஷப் பஞ்சத்தை அடுத்த ஆண்டுகளில் கப்பலேறியவர் என்றால், ஏன் போனார் என்ற கேள்விக்கு அங்கே பாதி விடை கிடைத்துவிடும். நில ஆவணங்களில் பட்டாதாரர் பெயர்கள் உண்டு. ஆனால் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். காணி இல்லாதவனுக்குக் கணக்கும் இல்லை.

எனவே ஊருக்குள் தேடல் வேறு கேள்விகளோடு தொடங்குகிறது. குலதெய்வம் எது? எந்த வகையறா? கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரி எந்தத் தெருவில் கட்டினார்கள்? ஊரின் நினைவு இந்த மூன்றிலும்தான் தங்கியிருக்கிறது. குலதெய்வம் ஒன்றானால் பங்காளிகள். பங்காளி வீட்டில் ஒரு கிழவி இருந்தால், “எங்க மாமனாரோட சித்தப்பா ஒருத்தர் கப்பலேறிப் போனவரு, அப்புறம் சேதியே இல்ல” என்ற ஒரு வரி கிடைக்கக்கூடும். பட்டியலில் உள்ள தகப்பன் பெயரும் அந்தக் கிழவி சொல்லும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினாலும் உடனே நம்பிவிடக் கூடாது. முனுசாமி மகன் கோவிந்தசாமி ஒரே ஊரில் நாலு பேர் இருந்திருப்பார்கள். வயது, ஆண்டு, கூடப் போனவர்கள் பெயர் என்று இரண்டு மூன்று முடிச்சுகளாவது ஒத்துப்போக வேண்டும்.

கடலுக்கு அப்பால் இருக்கும் வழிபாடும் ஊரைக் காட்டும். டர்பன் பக்கத்தில் மாரியம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். அங்கே அதற்குக் ‘கஞ்சி வழிபாடு’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர். கெங்கையம்மன் கோயில்கள் இருக்கின்றன. திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. தெருக்கூத்தை அங்குள்ள தமிழர்கள் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்கிறார்கள். கூத்து என்ற ஒலியே ஆங்கிலக் காதில் அப்படித் தேய்ந்திருக்கலாம். திரௌபதி வழிபாடும் பாரதக் கூத்தும் எந்த மண்ணுக்கு உரியவை? வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு. பட்டியல் சொல்வதையே பம்பையும் தீக்குழியும் சொல்கின்றன. வீட்டில் பாட்டி எந்தச் சாமிக்கு எந்த மாதம் எதைப் படைத்தாள் என்பதை நினைவுகூர முடிந்தால், அது பத்திரத்துக்குச் சமமான சான்று.

மரபணுச் சோதனையை நம்பிப் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். வேறு நாட்டில் சிதறிய உறவினர்களைக் கண்டுபிடிக்க அது உதவும். கிராமத்தைக் காட்டாது, அந்தக் கிராமத்துப் பங்காளிகளும் சோதனை செய்திருந்தால்தான் பொருத்தம் தெரியும். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஒருவருக்குப் பாட்டன் பாட்டி நான்கு பேர், அதற்கு முந்தைய தலைமுறையில் எட்டு, அதற்கும் மேலே பதினாறு. ட்ரூரோ காலத்துக்குப் போனால் முப்பத்திரண்டு பேர்வரை ஆகலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கப்பல் அல்ல, பல கப்பல்கள். தகப்பன் வழியை மட்டும் தேடுபவர்கள் பாட்டிமார்களைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இந்தத் தேடலுக்கு இப்போது அரசுகளின் கதவும் கொஞ்சம் திறந்திருக்கிறது. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு முன்னோர் இந்தியர் என்று காட்ட வேண்டும். கப்பல் பட்டியலின் சான்று நகலே பலருக்கு அந்த ஆதாரம். மொரீஷியஸில் உள்ளவர்களுக்கு ஏழாம் தலைமுறைவரை இந்த அட்டை கிடைக்கும் என்று 2024-இல் இந்தியா அறிவித்தது. தமிழ்நாடு அரசு ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தில் அயலகத் தமிழ் வம்சாவளி இளைஞர்களை இங்கே அழைத்து வந்து ஊர்களைக் காட்டுகிறது.

தேடல் அங்கிருந்து இங்கே மட்டும்தான் வர வேண்டும் என்பதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, செங்கல்பட்டு மாவட்டங்களில் ‘நேட்டாலுக்குப் போன பெரியப்பா’ என்ற பேச்சு இருக்கும் வீடுகள் இன்னும் இருக்கலாம். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஊர்ப் பெயர் தெரியும், தகப்பன் பெயர் தெரியும், சாமி தெரியும். அங்கே இருப்பவர்கள் தேடித் தவிக்கும் மூன்றும் இவர்கள் கையில் இருக்கிறது. இவர்களிடம் இல்லாதது எண்ணும் கப்பலும்தான். அவை கணினியில் இருக்கின்றன. ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் காதால் கேட்டு நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்களும் பல்லாயிரம் பேர். அவர்கள் கொண்டுவந்த சீட்டுகளும் இங்கேதான் எங்கோ பெட்டிகளில் இருக்கும்.

எண்பது வயதைக் கடந்தவர்கள் உள்ள வீட்டில் இந்த வேலையை நாளை என்று தள்ளக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கப்பலேறியவர் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், அவருடைய அப்பா பெயர், கூடப் போனவர் யார், போன வருஷம் தெரியாவிட்டால் அந்த வருஷம் வந்த பஞ்சமோ வெள்ளமோ எது, குலதெய்வம் எந்த ஊரில், இன்று வரைபடத்தில் இல்லாத பழைய குக்கிராமங்களின் பெயர்கள். இத்தனையையும் பெரியவர் சொல்கிறபடியே, அவர் உச்சரிக்கிறபடியே எழுதிக்கொள்ள வேண்டும். அத்தோடு ஒன்றைக் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளலாம்: போனவருக்கு உடம்பில் எங்கேயாவது தழும்போ மச்சமோ இருந்ததா?